பழைய பிரெஞ்சுத் தங்க பிரேஸ்லெட்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸில் 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் செய்த தங்கக் காப்பு, வளையல், பிரேஸ்லெட் பற்றி விசாரிக்கிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் போகும் என்பதால் மேலிருந்து படிப்பது நல்லது.

ஆன்டிக் நகைன்னா நம்ம ஊர்க் கடையில கருமை ஏத்தி வச்சிருப்பாங்களே, அதுவா?

அது இல்லை. சென்னையிலும் கோவையிலும் கடைக்காரர் "ஆன்டிக் கலெக்‌ஷன்" என்று காட்டுவது போன மாதம் செய்த நகை. பள்ளங்களில் கருமை ஏற்றி, மேடுகளை மட்டும் தேய்த்து விட்டிருப்பார்கள். இங்கே பேசுவது வயதில் பழையதை. நூறு ஆண்டு கடந்ததைத்தான் ஐரோப்பிய வியாபாரத்தில் ஆன்டிக் என்பார்கள். அதற்குக் குறைந்ததற்கு 'விண்டேஜ்' என்று வேறு பெயர். 1940-களின் பிரேஸ்லெட்டுகளை இரண்டு கூட்டத்தாரும் விரும்புவதால் அவற்றையும் சேர்த்திருக்கிறோம்.

18 காரட்தானே? நம்ம 916-ஐ விடக் குறைச்சல். அதுல என்ன மவுசு?

மாற்று குறைவுதான். ஆனால் அந்த 18 காரட்டுக்குக் கீழே இறங்கவே முடியாமல் இருந்ததுதான் பிரான்ஸின் தனித்தன்மை. 1797 நவம்பரில் வந்த சட்டம் தங்கத்துக்கு ஆயிரத்துக்கு 920, 840, 750 பங்கு என்று மூன்று தரங்களை வைத்தது. 750 என்பதுதான் 18 காரட். 750-க்குக் குறைந்ததை உள்நாட்டில் தங்கம் என்று சொல்லி விற்கக் கூடாது. 1994 வரை இதுதான் நிலைமை. இங்கிலாந்தில் 1854-லேயே 15, 12, 9 காரட்டுகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். அதனால் அதே காலத்து ஆங்கிலேயக் காப்பை எடுத்தால் அது எத்தனை காரட் என்று முதலில் கேட்க வேண்டும். முத்திரை உள்ள பிரெஞ்சுக் காப்பில் அந்தக் கேள்வி கிட்டத்தட்ட எழாது.

இன்னொரு காரணம் வேலைப்பாடு. 22 காரட் தங்கம் மெத்து. மெல்லிய கீலோ, ஸ்ப்ரிங் போல விரிந்து மடங்கும் பூட்டு நாக்கோ அதில் நிற்காது. நம் ஊர்க் காப்புகளில் பெரும்பாலும் திருகு வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெள்ளியும் செம்பும் சேர்ந்த 18 காரட்டில் தங்கத்துக்கு விறைப்பு வந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் அந்த விறைப்பை வைத்துத்தான் விளையாடியிருக்கிறார்கள்.

அப்போ அதோட அழகு எங்கதான் இருக்கு? பார்த்தா சாதாரணமாத்தானே தெரியுது?

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தால் பல பிரேஸ்லெட்டுகள் சாதாரணமாகத்தான் தெரியும். கையில் எடுக்க வேண்டும். நல்ல கீல் வைத்த காப்பை மூடினால் இரண்டு பாதியும் சேரும் கோடு தலைமுடி அளவுக்கு மேல் தெரியாது. நாக்கு உள்ளே போகும்போது 'டிக்' என்று ஒரு சத்தம், சின்னதாக, ஒரே முறை கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு.

வலை போல நெய்த பட்டை பிரேஸ்லெட்டுகளில் அழகு வேறு விதம். ஜார்த்தியேர் என்ற வகை ஒன்று உண்டு. பெயருக்குக் காலுறைப் பட்டி என்று பொருள். நூற்றுக்கணக்கான குட்டிக் கண்ணிகளைக் கோத்து ரிப்பன் மாதிரி வளையும் பட்டை செய்து, ஒரு பக்கம் பக்கிள் வடிவப் பூட்டும் நுனியில் தங்கக் குஞ்சமும் வைத்திருப்பார்கள். விரலில் போட்டுத் தொங்கவிட்டால் பட்டுத் துணி போலச் சரியும். எங்கேயும் விறைத்து நிற்காது. விறைத்து நின்றால் அதற்கு ஒரு கதை இருக்கும். அதைப் பழுது பற்றிய பதிலில் பார்க்கலாம்.

பிறகு நிறம். செம்பு கூடினால் தங்கம் சிவக்கும், வெள்ளி கூடினால் இளம்பச்சை தட்டும். மஞ்சள், சிவப்பு, பச்சை, வெள்ளை நான்கையும் ஒரே நகையில் இழைத்து, பூவுக்கு ஒரு நிறம், இலைக்கு ஒரு நிறம் என்று கல்லே இல்லாமல் செய்திருப்பார்கள். எங்கள் கணக்கில் பிரெஞ்சு வேலையின் உச்சம் இதுதான். வைரம் பதித்ததைவிட இதற்குக் கூடுதல் மரியாதை தரலாம்.

எந்தக் காலத்துதுன்னு பார்த்த உடனே எப்படிச் சொல்றாங்க?

வடிவமும் எடையும் நிறையச் சொல்லிவிடும். நெப்போலியன் போர்கள் முடிந்த பிறகு தங்கம் தட்டுப்பாடு. 1820-களிலும் 30-களிலும் மெல்லிய கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றிக் குறைந்த தங்கத்தில் பெரிய பரப்பை நிரப்பினார்கள். கான்த்தீய் என்று பெயர். சரிகை வேலையிலிருந்து வந்த சொல். அந்தக் காலத்தில் இரண்டு கைக்கும் ஜோடியாகப் போடுவது வழக்கம். இன்று ஒற்றையாகக் கிடைக்கும் பலவற்றுக்கு ஜோடி எங்கோ பிரிந்து போயிருக்கும்.

1848-இல் கலிஃபோர்னியாவிலும் 1851-இல் ஆஸ்திரேலியாவிலும் தங்கம் கிடைத்த பிறகு கை தாராளமானது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1852 முதல் 1870 வரை, அகலமான காப்புகள், கறுப்பும் நீலமுமான எனாமல், பாம்பு வடிவங்கள் எல்லாம் வந்தன. 1861-இல் கம்பானா தொகுப்பு என்ற பழங்கால நகைக் குவியலைப் பிரான்ஸ் வாங்கியது. அதைப் பார்த்து எட்ரஸ்கன் (பழங்கால இத்தாலிய), கிரேக்க பாணியில் பொடிமணி வைத்துச் செய்யும் மோகம் கிளம்பியது. எழேன் ஃபோன்ட்டனே இந்தப் பாணியில் பெயர் பெற்றவர். 1900-ஐ ஒட்டி வளைந்த கொடி, பெண் முகம், தட்டான் பூச்சி வந்தால் ஆர் நூவோ என்ற கலைப்பாணி. 1899-இல் ஓவியர் முக்கா வரைந்து கொடுத்து, நகைக்காரர் ஜார்ஜ் ஃபூக்கே நடிகை சாரா பெர்னாருக்குச் செய்த பாம்பு பிரேஸ்லெட் இந்தக் காலத்தின் அடையாளம்.

1930-களின் கடைசியிலும் 40-களிலும் டாங்கியின் சங்கிலிச் சக்கரம் போலக் கட்டம் கட்டமாக வரும் பட்டைகள் வந்தன. 'டாங்க்' பிரேஸ்லெட் என்றே பெயர். பார்வைக்குக் கனம், கையில் எடுத்தால் அவ்வளவு இல்லை. போர்க்காலத்தில் மறுபடியும் தங்கத் தட்டுப்பாடு, அதனால் மெல்லிய தகட்டை மடித்துப் பெரிதாகக் காட்டினார்கள்.

கழுகுத் தலை முத்திரைன்னு சொல்றாங்களே, அது எங்க இருக்கும்?

10 மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் வேண்டும். வெறும் கண்ணுக்கு அது ஒரு கீறல், அவ்வளவுதான். முத்திரை மொத்தமே ஓரிரு மில்லிமீட்டர். பூட்டு நாக்கின் மேல்பக்கம், நாக்கு நுழையும் பெட்டியின் விளிம்பு, கீலின் பக்கவாட்டு, பாதுகாப்புச் சங்கிலியின் வளையம் என்ற வரிசையில் தேடுங்கள். வலப்பக்கம் பார்க்கும் கழுகுத் தலை தெரிந்தால் 750 தங்கம் என்று பொருள். நகையைச் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி பிடித்தால்தான் அலகு பிடிபடும்.

கழுகு வயதைச் சொல்லாது. 1838 மே மாதத்தில் தொடங்கிய முத்திரை இன்றும் நடப்பில் இருக்கிறது. போன வருடம் செய்த பிரேஸ்லெட்டிலும் அதே கழுகுதான். "கழுகு இருக்கு, அதனால 1840" என்று யாராவது சொன்னால் பணப்பையை மூடிவிடலாம்.

கழுகு இல்ல, ஆந்தைதான் இருக்கு. போலியா?

போலி இல்லை. 1893-இல் வந்த ஆந்தை, வெளிநாட்டிலிருந்து வந்த அல்லது எங்கே செய்தது என்று நிச்சயமில்லாத தங்கத்துக்கு அடிப்பது. அதிலும் குறைந்தது 750 உண்டு. பழைய பிரெஞ்சுக் காப்பில் முத்திரை தேய்ந்து போய், பிறகு ஏலத்துக்கு வந்தபோது ஆந்தை வாங்கியிருக்கலாம். அல்லது அது இத்தாலி நகையாகவும் இருக்கலாம். ஆந்தை தரத்தை உறுதி செய்யும், பிரெஞ்சு என்பதை உறுதி செய்யாது. விலையில் அந்த வித்தியாசத்தைப் பேசலாம்.

வேறு தலைகளும் வரும். செம்மறிக் கடாத் தலை என்றால் 1819 முதல் 1838 வரை பாரிஸில் முத்திரை வாங்கியது. குதிரைத் தலை 1838 முதல் 1919 வரை பாரிஸுக்கு வெளியே மாவட்ட அலுவலகங்களில் அடித்தது. இந்த இரண்டும் கழுகைப் போல நீண்ட காலம் ஓடாததால் வயதுக்கு நல்ல சாட்சி. சிறகு வைத்த தலைக்கவசத்துடன் மெர்குரி தேவன் முகம் இருந்தால் ஏற்றுமதிக்குப் போனது. அதில் மட்டும் தரத்தைத் தனியாகச் சோதித்துக்கொள்வது நல்லது. நாய்த் தலை என்றால் பிளாட்டினம், 1912 முதல். காட்டுப்பன்றித் தலை வெள்ளிக்கு. அதைத் தங்க நகையில் பார்த்துப் பயப்பட வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் வைரத்தின் மேல் மஞ்சள் நிழல் விழாமல் இருக்க, தங்கக் காப்பிலும் கல் இருக்கும் இடத்தை மட்டும் வெள்ளியில் செய்வார்கள். கல்லைச் சுற்றிக் கறுத்திருப்பது அந்த வெள்ளிதான்.

சாய்சதுரக் கட்டத்துக்குள்ள ரெண்டு எழுத்து இருக்கு. அது என்ன?

அது செய்தவர் முத்திரை. 1797 சட்டப்படி ஒவ்வொரு பட்டறையும் தன் பெயரின் முதலெழுத்துகளையும் நடுவில் ஒரு சின்னத்தையும் சாய்சதுரத்துக்குள் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். நட்சத்திரம், நங்கூரம், தேனீ, சாவி என்று எதுவும் சின்னமாக இருக்கும். எழுத்தைவிடச் சின்னம்தான் முக்கியம். ஒரே இரண்டு எழுத்தைப் பத்துப் பட்டறைகள் வைத்திருக்கலாம், எழுத்தும் சின்னமும் சேர்ந்து வருவது அபூர்வம். பட்டறை எந்த ஆண்டு பதிவானது, எப்போது மூடியது என்று தெரிந்தால் கழுகு சொல்லாத வயது இங்கே கிடைத்துவிடும்.

கடைப் பெயரும் பட்டறைப் பெயரும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள். 1847-இல் தொடங்கிய கார்ட்டியே, 1858-இல் தொடங்கிய பூஷ்ரோன் போன்ற நகைக்கடைகள் வெளிப் பட்டறைகளிடமும் செய்து வாங்கியிருக்கின்றன. உள்பக்கம் பெரிய பெயர் செதுக்கியிருக்கும், சாய்சதுரத்தில் வேறு யாருடைய எழுத்தோ இருக்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பெரிய பெயர் இருந்து, சாய்சதுரமும் இல்லை கழுகும் இல்லை என்றால்தான் தப்பு.

'ஃபிக்ஸ்'னு அடிச்சிருக்கு. அது தரத்தோட பேர்தானே?

இல்லை. சவார் நிறுவனத்தின் வணிகப் பெயர் அது. மட்டமான உலோகத்தின் மேல் தங்கத் தகடு ஏற்றிய, அந்த வகையில் மிக நல்ல சரக்கு. முரா, ஓரியா என்ற பெயர்களும் அதே ரகம். நூறு வருடமானாலும் நிறம் மங்காமல் இருக்கும் என்பதால் ஏமாறுவது சுலபம். தகடு ஏற்றிய நகையில் செய்தவர் முத்திரை சாய்சதுரத்தில் இல்லாமல் நேரான சதுரத்தில் இருக்கும். கட்டத்தின் வடிவத்தைப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும்.

பழைய பிரெஞ்சுத் தங்கத்தில் "18 கே" என்று எழுத்தில் அடிப்பது வழக்கம் இல்லை. மிருகத் தலைதான் அவர்கள் மொழி. எழுத்தில் 18 என்று மட்டும் இருந்து தலை எதுவும் இல்லாவிட்டால் முலாமா என்று முதலில் பாருங்கள்.

ஏழு மெல்லிசு வளையல் சேர்த்து விக்கிறாங்க. அது என்ன கணக்கு?

வாரத்துக்கு ஏழு நாள், நாளுக்கு ஒன்று. ஸெமெனியே என்று பெயர். ஏழும் சேர்ந்து குலுங்கும் சத்தம் நம் ஊர்க் கண்ணாடி வளையலை நினைவுபடுத்தும். ஏழையும் தனித்தனியாக எடை போட்டு, ஏழிலும் முத்திரை தேடுங்கள். தொலைந்த ஒன்றுக்குப் பதில் பிற்காலத்தில் சேர்த்தது இருந்தால் எடையிலோ பட்டையின் அகலத்திலோ காட்டிக்கொடுத்துவிடும்.

நான் 2.6 போடுறவ. அங்க 17 சென்டிமீட்டர்னு போட்டிருக்கு. எனக்குச் சேருமா?

நம் 2.6 என்பது உள்விட்டம் 2 அங்குலமும் 16-இல் 6 பங்கும். அதாவது 60.3 மில்லிமீட்டர், சுற்றளவு ஏறக்குறைய 19 சென்டிமீட்டர். 2.4 என்றால் 57 மில்லிமீட்டரும் 18 சென்டிமீட்டரும். ஆனால் இந்த அளவு முழு வட்ட வளையலுக்கு, கை முட்டியைத் தாண்டிப் போவதற்காக. கீல் வைத்த பிரெஞ்சுக் காப்பு முட்டியைத் தாண்ட வேண்டியதே இல்லை, மணிக்கட்டைச் சுற்றிப் பூட்டினால் போதும். அதனால் 2.6 போடுகிறவருக்கு 17 தாராளமாகச் சேர வாய்ப்பு உண்டு.

ஒரு நூலை மணிக்கட்டில் சுற்றி அளந்து, அதோடு 1 முதல் 1.5 சென்டிமீட்டர் கூட்டுங்கள். அந்தக் காலக் காப்புகள் பெரும்பாலும் நீள்வட்டம். விற்பவர் "58 x 50 மில்லிமீட்டர்" என்று சொன்னால் இரண்டையும் கூட்டி, இரண்டால் வகுத்து, 3.14-ஆல் பெருக்குங்கள்: 54-ஐப் பெருக்கினால் கிட்டத்தட்ட 170 மில்லிமீட்டர். அளப்பது உள்பக்கமா வெளிப்பக்கமா என்று கட்டாயம் கேளுங்கள். கனமான காப்பில் அந்த வித்தியாசமே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வரும்.

இவ்வளவு அகலம், ஆனா கையில எடுத்தா லேசா இருக்கே. ஏமாத்துறாங்களா?

கீல் காப்புகளில் மிகப் பல உள்ளே வெறும் கூடு. தகட்டை அச்சில் அழுத்தி, இரண்டு ஓடுகளைச் சேர்த்துப் பற்றவைத்தது. அகலக் காப்பைக் கெட்டியாகச் செய்தால் கை தாங்காது என்பதும் ஒரு காரணம். ஏமாற்று இல்லை, ஆனால் வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது. கூட்டில் நசுங்கல் விழுந்தால் பின்னாலிருந்து தட்டி எடுக்க வழி கிடையாது. விரல் நுனியைக் கண் மூடி மெல்ல ஓட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பிய பள்ளத்தை விரல் கண்டுபிடிக்கும். விளிம்பு தேய்ந்து ஊசித் துளை விழுந்திருக்கிறதா என்றும் லூப்பில் பாருங்கள். துளை விழுந்த கூட்டுக்குள் தண்ணீரும் சோப்பும் போனால் வெளியே வராது.

கூடாக இருப்பதால் ஒரு சங்கடம்: தண்ணீரில் முக்கி அடர்த்தி பார்க்கும் சோதனை இங்கே பொய் சொல்லும். உள்ளே இருக்கும் காற்று கணக்கைக் கெடுத்துவிடும். சிலவற்றில் நசுங்காமல் இருக்க அரக்கு மாதிரியான பொருளை நிரப்பியிருப்பார்கள். அப்போது தராசு எடையும் தங்க எடை ஆகாது.

பூட்டு அடிக்கடி தானாத் திறந்துக்குது. நம்ம பத்தர் சரி பண்ணிடுவாரா?

முதலில் எது கெட்டது என்று பாருங்கள். மூடிய காப்பின் இரண்டு பாதியையும் பிடித்து மேலும் கீழும் லேசாக ஆட்டுங்கள். கத்தரி போல ஒன்றையொன்று தாண்டினால் கீல் ஆணி தேய்ந்திருக்கிறது. பழைய ஆணியைத் தட்டி எடுத்து, துளையைச் சுத்தம் செய்து, சற்றே பருமன் கூடிய 18 காரட் கம்பியைப் போட்டால் சரியாகிவிடும். எந்த நல்ல பத்தரும் செய்வார்.

ஆட்டம் இல்லாமல் பூட்டு மட்டும் கழன்றால் நாக்கு படுத்துவிட்டது. மடித்த தகட்டின் இரண்டு இதழ்களுக்கு இடையே மெல்லிய பிளேடை விட்டு அரை மில்லிமீட்டர் பிரித்தால் போதும். இதை வருடத்துக்கு நாலு முறை செய்தால் மடிப்பில் விரிசல் விட்டு ஒரு நாள் ஒடிந்துவிடும். நாக்கை நெருப்பில் காட்டக் கூடாது. தட்டித் தட்டி ஏற்றிய விறைப்புதான் அதன் ஸ்ப்ரிங், சிவக்கக் காய்ச்சினால் அது ஈயம் மாதிரித் துவண்டுவிடும். புது நாக்கு வைத்தாலும் பற்றவைத்த பிறகு இதழைத் தட்டி விறைப்பேற்றச் சொல்லுங்கள்.

நெருப்பு ஆகாத இடம் இன்னும் இரண்டு உண்டு. எனாமல் இருந்தால் பொடி (பற்றவைக்கும் உலோகம்) வைத்து ஊதவே கூடாது, லேசர் வெல்டிங் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். வலைப் பட்டையில் அறுந்த இடத்தைப் பற்றவைத்தால் உருகிய பொடி பக்கத்துக் கண்ணிகளுக்கும் ஓடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிப்போடும். மேலே சொன்ன விறைத்து நிற்கும் பட்டையின் கதை இதுதான். நகையில் எங்காவது சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு பற்று தெரிந்தால் யாரோ ஈயத்தால் ஒட்டியிருக்கிறார்கள். அதைச் சுரண்டி எடுக்காமல் சூடு காட்டினால் ஈயம் தங்கத்தைத் தின்று குழி பறிக்கும். முன்கூட்டியே பத்தரிடம் காட்டிவிடுங்கள்.

பூந்திக்கொட்டைத் தண்ணியில கழுவலாமா?

கல், முத்து, எனாமல் எதுவும் இல்லாத கெட்டி பிரேஸ்லெட் என்றால் கழுவலாம். குழந்தை பல் துலக்கும் மெத்துப் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், அவ்வளவு போதும். புளி, எலுமிச்சை, பற்பசை மூன்றும் வேண்டாம். புளிப்பு முத்தையும் பிரோஜா என்ற நீலப்பச்சைக் கல்லையும் அரிக்கும், பற்பசை கீறும். பின்பக்கம் மூடிய கல் அமைப்பில் கல்லுக்கு அடியில் பளபளப்புக்காகத் தகடு வைத்திருப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் கல் செத்துப்போன மாதிரி ஆகிவிடும். அவற்றை ஈரத் துணியால் துடைத்தால் போதும். கடைகளில் உள்ள அதிர்வுத் தொட்டியில் எனாமல், மரகதம், ஓபல் எதையும் போட விடாதீர்கள்.

நல்லா பாலிஷ் போட்டுப் புதுசாக்கிடலாமே?

செய்யாதீர்கள். பழைய பிரெஞ்சுத் தங்கத்தின் மேல் வெண்ணெய் பூசினாற்போல ஒரு மங்கல் மஞ்சள் இருக்கும். அது அழுக்கு இல்லை. வெடியுப்பு, படிகாரம், சமையல் உப்பு சேர்ந்த கலவையில் காய்ச்சி, மேற்பரப்பில் உள்ள செம்பையும் வெள்ளியையும் கரைத்துவிட்டுத் தங்கத்தை மட்டும் தோல் போல நிறுத்தியது. பாலிஷ் சக்கரத்தில் அரை நிமிடம் பிடித்தால் அந்தத் தோல் போய், உள்ளே இருக்கும் சாதாரண 18 காரட் நிறம் வந்துவிடும். செதுக்கல் மழுங்கும், கழுகும் சாய்சதுரமும் தேய்ந்து போகும். கூடாக இருந்தால் துளையே விழலாம். முத்திரை தேய்ந்த பிரேஸ்லெட்டுகளில் கணிசமானவை போட்டுத் தேய்ந்தவை அல்ல, பாலிஷில் போனவை.

விலையை எப்படிச் சரிபார்க்கிறது? பவுன் கணக்குல சொல்லுங்க.

தராசில் 24 கிராம் காட்டும் கெட்டிப் பிரேஸ்லெட் என்று வைத்துக்கொள்வோம். 8 கிராம் பவுனில் அது 3 பவுன். ஆனால் 750 என்பதால் சுத்தத் தங்கம் 18 கிராம். அதை 916 ஆக மாற்றினால் 19.65 கிராம், அதாவது கிட்டத்தட்ட இரண்டரைப் பவுன். இதுதான் உருக்கினால் கிடைக்கும் மதிப்பு, அதாவது உருக்கு மதிப்பு, அடிமட்டம். கல், அரக்கு, கண்ணாடி இருந்தால் அந்த எடையைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

அடிமட்டத்துக்கு மேல் கொடுப்பது வேலைக்கும் வயதுக்கும் நிலைமைக்கும். சாதாரண கூர்மெத் சங்கிலி, அதாவது தட்டையாக முறுக்கிய கண்ணிச் சங்கிலி, உருக்கு மதிப்பை ஒட்டியே கிடைக்கும். முழுமையான கான்த்தீய் ஜோடியோ நான்கு நிறத் தங்கமோ பல மடங்கு போகும். நம் ஊர்க் கடையில் பழசாகக் கொடுத்தால் உருக்கு மதிப்புதான் தருவார்கள், அதிலும் கழிவு பிடிப்பார்கள். சேமிப்புக்குத் தங்கம் வேண்டும் என்றால் நாணயம் வாங்குங்கள். இது அதற்கான பொருள் இல்லை.

பாரிஸ் போறோம். எங்க பார்க்கலாம்?

1852 முதல் நடக்கும் ட்ரூவோ ஏல மாளிகையில் ஏலத்துக்கு முன் காட்சிக்கு வைப்பார்கள். லூப் எடுத்துக்கொண்டு போய்க் கையில் வாங்கிப் பார்க்கலாம், காசு கேட்க மாட்டார்கள். மரே பகுதியில் உள்ள நகராட்சி அடகுக் கடையான கிரெடி முனிசிபால், மீட்காத நகைகளை ஏலம் விடுகிறது. அதற்கு ஊர்ப் பெயர் 'என் அத்தை'. கடிகாரத்தை அடகு வைத்த ஒரு இளவரசர், எங்கே என்று அம்மா கேட்டதும் அத்தை வீட்டில் விட்டுவந்தேன் என்றாராம். சாந்துவான் பழம்பொருள் சந்தையில் பேரம் பேசலாம்.

ஏலத்தில் சுத்தியல் விழும் விலை கடைசி விலை இல்லை. அதற்கு மேல் கமிஷன் உண்டு, பல ஏலங்களில் அது 20 முதல் 30 சதவீதம் வரை போகும். உச்சவரம்பை அதைச் சேர்த்து முடிவு செய்துவிட்டு உள்ளே போங்கள்.

ஊருக்குக் கொண்டு வந்தா ஹால்மார்க் போடணுமா?

நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆறு இலக்க அடையாள எண் கட்டாயம் என்பது கடைக்காரர் விற்கும் நகைக்கு. தரம் தெரிய வேண்டும் என்றால் ஹால்மார்க் மையத்தில் சோதித்து அறிக்கை மட்டும் கேளுங்கள், புதிதாக எதையும் அடிக்க விடாதீர்கள். எக்ஸ்ரே கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும். பாலிஷ் பற்றிய பதிலில் சொன்ன தங்கத் தோல் மேல் வைத்தால் 750-க்குக் கூடுதலாகவும், பற்றவைத்த இடத்தில் வைத்தால் குறைவாகவும் காட்டும். மூன்று இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

விமான நிலையத்தில் அறிவித்துவிட்டு வாருங்கள், ரசீதையும் சுங்கக் காகிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொன்மைப் பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருள் தொன்மைப் பொருளாகக் கருதப்படும், அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உங்கள் பிரேஸ்லெட் வெளியிலிருந்து வந்தது என்று காட்ட அந்தக் காகிதம்தான் உதவும். தந்தம் பதித்ததும் ஆமை ஓட்டில் செய்ததும் வேண்டவே வேண்டாம், வனவிலங்குச் சட்டம் குறுக்கே வரும்.

முத்திரை எல்லாம் சரியா இருக்கு, ஆனா ஏதோ இடிக்குது. எப்படி உறுதி பண்றது?

முத்திரை பெரும்பாலும் பூட்டில்தான் இருக்கும் என்று சொன்னோம். சிக்கலும் அங்கேதான். நல்ல பழைய பூட்டை எடுத்துப் புதுச் சங்கிலியில் வைத்துவிடலாம். பட்டைக்கும் பூட்டுக்கும் நிறம் ஒன்றா, தேய்மானம் ஒன்றா, சேரும் இடத்தில் பற்றின் கோடு புதிதாகப் பளிச்சிடுகிறதா என்று பாருங்கள். கண்ணிகளின் உரசும் வளைவு தேய்ந்து மெலிந்திருக்க வேண்டும். பூட்டு நூறு வருடம் தேய்ந்து, கண்ணி நேற்றுச் செய்த மாதிரி இருந்தால் இரண்டும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள். ப்ரோச்சு ஒன்றை நடுவில் வைத்துக் காப்பாக்கியதும் நிறைய வரும். பின்பக்கம் ஊசிக் கீல் அறுத்த தழும்பு இருக்கும்.

முத்திரையே அசலா என்ற சந்தேகத்துக்கு இரண்டு வழி. அடித்த முத்திரையின் விளிம்பு கூர்மை. வார்ப்பில் நகலெடுத்த முத்திரை சோப்பில் அழுத்தினாற்போல மழுங்கி, பள்ளத்தில் பொடிப் பொடியாகப் புள்ளி இருக்கும். இரண்டாவது, பலருக்குத் தெரியாதது: முத்திரை அடிக்கும்போது அடியில் வைக்கும் பட்டறைக் கல்லிலேயே மிக நுண்ணிய பூச்சி உருவங்கள் செதுக்கியிருப்பார்கள். பிகோர்ன் என்பார்கள். மேலே கழுகு விழும் அதே அடியில், தகட்டின் பின்பக்கம் ஒரு பூச்சியின் காலோ இறக்கையோ பதிந்துவிடும். பூட்டு நாக்கைத் திருப்பி, கழுகுக்கு நேர் பின்னால் லூப்பை வையுங்கள். தகடு தட்டையாகவும் தேயாமலும் இருந்தால் அங்கே அரை மில்லிமீட்டர் அளவில் வரி வரியாக ஏதோ தெரியும். கீறல் என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள்.